டேர்டெவிலா, ஷீல்டா, சூப்பர்மேன் குடும்பமா? கடைசி சீசன வச்சு எடுத்த முடிவு

எனக்க அக்கா மவன் பிளஸ் டூ முடிச்சாச்சு. ஜூன் 30-ந் தேதி நாகர்கோவில்ல ரயில் ஏறி வடக்க படிக்கப் போறான். அதுக்கு முன்ன நான், அக்கா, அவன், மூணு பேரும் ராத்திரி கஞ்சி குடிச்சு முடிச்ச பொறவு சேந்திருந்து ஒரே ஒரு சூப்பர்ஹீரோ சீரிஸ முதல் எபிசோட்ல இருந்து கடைசி எபிசோட் வர பாத்து முடிக்கணும்னு ஒரு ஆச. இத அவன்தான் கேட்டான். "மாமா, பாதியில போட்டுட்டுப் போற மாதிரி ஒண்ணு வேண்டாம், முடிவு வர பாக்கணும்"னு சொன்னான். அவன் அப்படிக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அதனால ரெண்டு வாரமா இதையே யோசிச்சுக்கிட்டு நடந்தேன், யோசிச்சதத்தான் இங்க எழுதுதேன், இதே மாதிரி வீட்டோட இருந்து பாக்க ஒண்ணு தேடுறவங்களுக்கு உதவும்.

முதல்ல கணக்கு. மே 16-ல தொடங்குனா ஜூன் 29 வர 45 ராத்திரி. நான் ரப்பர் வெட்டுக்குப் போறவன், வெளுப்பாங்காலம் நாலரைக்கு எந்திக்கணும், அதனால ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட்தான் முடியும். ஆனா ஜூன் மாசம் எங்க பக்கம், தக்கலையத் தாண்டி குலசேகரம் போற ரோட்டுல, மழ பிடிச்சா பிடிச்சதுதான். மரம் நனஞ்சு கெடந்தா வெட்டு கெடையாது, அன்னைக்கு ரெண்டு எபிசோட் பாக்கலாம். அதே மழையில கரண்டும் போவும், அப்ப ஒண்ணுமே இல்ல. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா 50, 55 எபிசோட் வர முடிக்கலாம். அதுக்கு மேல உள்ளது எங்களுக்கு ஆவாது.

ரெண்டாவது, யாரு இருந்து பாக்குதோம்ங்கறது. அக்காவுக்குப் போன வருஷம் மார்புல புற்றுநோய்னு சொல்லி திருவனந்தபுரத்துக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தோம். ஆபரேஷன் முடிஞ்சு, கீமோ முடிஞ்சு, இப்ப மாத்திரையும் செக்கப்பும் மட்டுந்தான். ராத்திரி பத்தரைக்கு மேல அவளால இருக்க முடியாது. ரத்தம் தெறிக்க சீன் வந்தா எந்திச்சு அடுக்களைக்குப் போயிருவா. பையனுக்கு நேர்மாறா ஃபைட் வேணும்.

மூணாவது, முக்கியமானது, கடைசி சீசன். சூப்பர்ஹீரோ சீரிஸ்ல தொடக்கம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், சக்தி கிடைக்கும், மொத தடவ சட்ட மாட்டுவான், மொத வில்லன் வருவான், அதுல யாரும் ரொம்பத் தவற மாட்டாங்க. முடிக்கிற எடத்துலதான் கெட்டுப் போவும். எங்க ஊரு கல்யாண வீட்டுல பருப்பு, அவியல், எரிசேரி எல்லாம் கொள்ளாம்னு சாப்பிட்டுட்டு வரும்போ கடைசில ஊத்துன பாயசம் அடிபிடிச்சிருந்தா வீட்டுக்கு வந்து எதச் சொல்லுவோம், அந்தப் பாயசத்ததான் சொல்லுவோம். 45 ராத்திரி பையன்கூட இருந்துட்டு, அவன் போறதுக்கு மொத நாளு பாக்கப் போற எபிசோட் அடிபிடிச்சதா இருக்கக் கூடாது. அதனால நான் பின்னால இருந்து முன்னால வந்தேன். எந்த சீரிஸ்ல கடைசி சீசன் உறுதியா நிக்குதோ அத மட்டும் எடுத்து, அந்த சீசனுக்குப் போய்ச் சேர எத்தன ராத்திரி ஆவும், வழி எப்படின்னு பாத்தேன்.

இதுலயே பல பேரு கழண்டு போனாங்க. ஸ்மால்வில் 2001-ல தொடங்கி 2011-ல முடிஞ்சது, பத்து சீசன், 200 எபிசோடுக்கு மேல. ஆரோ 170 எபிசோட். அதுல எட்டாவது சீசன் பத்தே எபிசோட்ல நல்லபடியா முடிச்சிருக்காங்க, ஆனா அதுக்க நடுவுல வாற பெரிய கத அஞ்சு சீரிஸ்ல பிரிச்சுப் போட்ட கத, ஒண்ண மட்டும் பாத்தா தல வால் புரியாது. தி ஃபிளாஷ் 184. அம்ப்ரெல்லா அகாடமி மொத்தம் 36 எபிசோட்தான், கணக்குக்குப் பொருத்தமா இருந்துச்சு, ஆனா 2024-ல வந்த நாலாவது சீசன ஆறே எபிசோட்ல சுருக்கி, அதுவர கட்டுன குடும்பக் கதையக் கடைசில அவசரமா முடிச்சுட்டாங்க. லெஜியன் 27 எபிசோட், அழகான சீரிஸ், ஆனா எது நடக்குது எது மனசுக்குள்ள நடக்குதுன்னு பிரிச்செடுக்கவே தனி உழைப்பு வேணும், கீமோ முடிஞ்ச ஒருத்திக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அது சரிப்பட்டு வராது.

மிச்சம் நின்னது மூணு. ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டுக்க ஏழாவது சீசன், டேர்டெவிலுக்க மூணாவது சீசன், சூப்பர்மேன் அண்ட் லோயிஸுக்க நாலாவது சீசன். (முடிவ முழுசா ஒடச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா ஒப்பிடணும்னா கொஞ்சம் சொல்லித்தான் ஆவணும். ஒண்ணுமே தெரியாம பாக்கணும்னு நெனக்கிறவங்க கடைசி ரெண்டு பத்திய மட்டும் படிச்சா போதும்.)

ஷீல்டுல இருந்து தொடங்குதேன், ஷீல்டுன்னா ஒரு ரகசிய உளவுக் கூட்டம். எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச முடிவுகள்ல ஒண்ணு அது. 2013 செப்டம்பர்ல தொடங்கி 2020 ஆகஸ்ட் 12-ல முடிஞ்சது, ஏழு சீசன், 136 எபிசோட். இதுல ஒரு விஷயம் பாருங்க, அஞ்சாவது சீசன் முடியும்போ அடுத்தது வருமா வராதான்னு அவங்களுக்கே நிச்சயம் இல்ல, அதனால அந்த சீசனுக்க கடைசி எபிசோடுக்கு 'தி எண்ட்'னே பேரு வச்சு ஒரு முடிவு எழுதிட்டாங்க. பொறவு ரெண்டு சீசன் கெடச்சுது, ஏழாவது எழுதும்போ இது கடைசின்னு தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தத் தெளிவு அந்த சீசன் முழுக்க இருக்கு. 1931-ல நியூயார்க்ல தொடங்கி 1955, 70-கள், 80-கள்னு காலத்துல தாவித் தாவி வாறாங்க, ஒவ்வொரு காலத்துக்கும் அந்தக் காலத்துப் படம் மாதிரியே எடுத்திருக்காங்க, 1955-ல நடக்க ஒரு எபிசோட் கறுப்பு வெள்ளையில வருது. ஒன்பதாவது எபிசோட் ஒரு டைம் லூப் கத, ஒரே கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப நடக்கும், அத டைரக்ட் பண்ணுனது அதுல சிம்மன்ஸா நடிக்க எலிசபெத் ஹென்ஸ்ட்ரிட்ஜ். ஏழு வருஷம் அந்த ஆளுங்ககூடப் பழகின ஒருத்தி எடுத்தது அந்த எபிசோட்ல நல்லாத் தெரியும், யாரு யாரப் பாத்து எவ்வளவு நேரம் பேசாம நிப்பாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த சீரிஸுக்க கடைசிக் காட்சிதான் என்னை விட மாட்டேங்குது. எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கூட்டம் ஒண்ணு கூடுது, ஒரே மேசையச் சுத்தி இருக்காங்க, பேசுதாங்க, சிரிக்காங்க, பாத்தா யாருமே அங்க நேர்ல இல்ல, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எடத்துல இருந்துட்டு உருவமா மட்டும் வந்திருக்காங்க. பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தரா மறைஞ்சு போறாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல இத யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. மார்த்தாண்டத்துல, கருங்கல்ல, குளச்சல்ல எந்த வீட்ட எடுத்தாலும் ஒருத்தர் குவைத்துலயோ துபாய்லயோ கப்பல்லயோ இருக்காங்க, கிறிஸ்மஸ்னாலும் ஓணம்னாலும் போனச் சுவர்ல சாச்சு வச்சு அதுக்க முன்ன இருந்துதான் எல்லாரும் சாப்பிடுதோம். அந்தக் காட்சி 2020 ஆகஸ்ட்ல, ஊரெல்லாம் பூட்டிக் கெடந்த நேரத்துல வந்துச்சு. எழுதுனதும் எடுத்ததும் 2019-லயே முடிஞ்சுட்டு, கொரோனா வருதுன்னு அவங்களுக்குத் தெரியாது, அப்படியிருந்தும் அந்த வருஷத்துக்குன்னே எடுத்த மாதிரி இருந்துச்சு.

கொறையும் உண்டு. ஃபிட்ஸ்னு ஒரு ஆளு, அவன்தான் பாதி பேருக்கு உயிரு, அவன் ஏழாவது சீசன்ல ரொம்ப நேரம் ஆளே கெடையாது. அதுக்குக் கதையில ஒரு காரணம் வச்சு, கடைசி எபிசோட்ல அந்தக் காரணத்த வச்சே நெஞ்ச ஒடைக்காங்க, அது திறமதான், ஆனாலும் வழியெல்லாம் அவன் இல்லாத வெறுமை இருக்கு. அதுக்கு மேல, முதல் சீசன்ல 16 எபிசோட் வர கத மெதுவாப் போவும். 17-வது எபிசோட்ல, 2014-ல வந்த கேப்டன் அமெரிக்கா படத்தோட கத வந்து சேரும்போதான் இந்த சீரிஸ் தனக்க காலுல எந்திச்சு நிக்குது. அங்க வர பொறுமையா இருக்கணும். எங்களுக்கு 45 ராத்திரி, அதுக்கு 136 எபிசோட், ஒரு நாளைக்கு மூணு வீதம் ஆவும். முடியாது. தனியா இருக்கவங்க, ஆறு மாசம் அவகாசம் உள்ளவங்க, முக்கியமா வெளிநாட்டுல இருந்துட்டு வீட்ட நெனச்சுக்கிட்டு இருக்கவங்க இத எடுங்க. நான் அத மனசாரச் சொல்லுதேன்.

அடுத்தது டேர்டெவில், கண்ணு தெரியாத ஒரு வக்கீல், ராத்திரி முகமூடி மாட்டிக்கிட்டு அடிக்கப் போறவன். மூணு சீசன், ஒவ்வொண்ணுலயும் 13, ஆக 39 எபிசோட். 2015, 2016, 2018. எண்ணிக்கையில எங்களுக்கு ரொம்பச் சௌகரியம், ஆனா ஒரு சிக்கல் உண்டு, மூணாவது சீசன் தொடங்குறது தி டிஃபெண்டர்ஸ்னு 2017-ல வந்த எட்டு எபிசோட் கதைக்க முடிவுல இருந்து, அதுல ஒரு கட்டடம் இவன் மேல சரிஞ்சு விழும். அதையும் சேத்துப் பாத்தா 47. அது பாக்காமலும் ஒப்பேத்தலாம், "கட்டடம் விழுந்துச்சு, எல்லாரும் இவன் செத்துட்டான்னு நெனச்சாங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டா போதும்.

இதுக்க மூணாவது சீசன் பத்தி நான் நாள் முழுக்கப் பேசுவேன். இது கடைசி சீசன்னு நெனச்சு எழுதுன சீசன் இல்ல. 2018 அக்டோபர் 19-ல வந்துச்சு, நவம்பர் 29-ல நிறுத்தியாச்சுன்னு அறிவிச்சாங்க, 41 நாளு. அடுத்த சீசனுக்குக் கத யோசிச்சு வச்சிருந்த ஆளுங்க அவங்க. இருந்தும் அந்த 13 எபிசோடும் ஒரு முழுக் கதையா நிக்குது, ஏன்னா அதுல தொடக்கத்துல கேட்ட கேள்விக்குக் கடைசில பதில் இருக்கு. நம்பிக்க இழந்த ஒருத்தன், கடவுளும் வேண்டாம், கூட்டுக்காரங்களும் வேண்டாம், வக்கீல் வேலையும் வேண்டாம்னு ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்க அடியில வந்து ஒடுங்கிக் கெடக்கான். அவனுக்கு எதிர வில்லன் ஃபிஸ்க், ஜெயில்ல இருந்துக்கிட்டே அமெரிக்கப் போலீசான எஃப்பிஐய வளச்சு, ஒரு ஹோட்டலுக்க மேல் மாடியில ராஜா மாதிரி வந்து இருக்கான். ஃபிஸ்க் கத்துறதே இல்ல, ஒவ்வொருத்தருக்கும் என்ன கொறன்னு கண்டுபிடிச்சு அங்க பைய ஒரு வெரல வைக்கான், அவ்வளவுதான்.

அதுல நதீம்னு ஒரு எஃப்பிஐ ஆளு வாறான், இந்திய வம்சத்துல வந்த குடும்பம், ஜெய் அலி நடிச்சிருக்காரு. வீட்டுல வந்த நோய்ச் செலவுல கடன்பட்டு, சம்பளம் ஏறணும்னு தவிச்சுக்கிட்டு இருக்க நல்ல மனுசன். அந்தக் கடன்தான் அவன ஃபிஸ்க் கையில கொண்டு விடுது. ஆஸ்பத்திரிக் கடன் ஒரு மனுசன எங்கெல்லாம் கொண்டு நிறுத்தும்னு போன வருஷம் நாங்க நேர்ல பாத்தது, வீட்டுல இருந்த மோதிரம் மாலையெல்லாம் அடகுக் கடையில கெடந்துச்சு, அதனால நதீம் வாற ஒவ்வொரு சீனும் எனக்குக் கதையாத் தெரியல. பேரு ஹீரோவுக்குன்னாலும் இந்த சீசன் எனக்கு நதீமுக்க சீசன்.

கோயில் பகுதி நம்ம ஊரு ஆளுங்களுக்கு இன்னும் நெருக்கமா இருக்கும். அவனப் பாத்து எடுக்கது சிஸ்டர் மேகின்னு ஒரு கன்னியாஸ்திரி, அனாத மடம் நடத்துறவங்க. கோட்டாறு, முளகுமூடு பக்கம் வளந்தவங்களுக்கு இப்படி ஒரு சிஸ்டரக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், வாயில கோவம், கையில மருந்து. அக்கா படிச்சது சிஸ்டர்மாரு நடத்துற பள்ளிக்கூடத்துல, நான் மொபைல்ல அந்த ஒரு சீன மட்டும் காட்டுனேன், "இது எங்க மதர் மாதிரியே இருக்கு லேய்"ன்னு சொன்னா. பாவசங்கீர்த்தனம்னா என்ன, ஒருத்தன் ஏன் அதச் செய்யாம தட்டிக் கழிக்கான்னு மத்த ஊர்ல சொல்லிக் குடுக்கணும், இங்க தேவையில்ல.

ஃபைட்டுக்கு வந்தா இதுக்குப் பக்கத்துல எதுவும் நிக்காது. நாலாவது எபிசோட்ல ஜெயிலுக்குள்ள பத்து நிமிசத்துக்கு மேல கட் இல்லாம ஒரே ஷாட், அடிச்சு, அடிபட்டு, நடக்க முடியாம சுவரப் பிடிச்சு, நடுவுல பேசி, திரும்ப அடிச்சு வெளிய வாறான். மூச்சு வாங்குற சத்தம் நம்ம வீட்டுக்குள்ள கேக்கும். அதேபோல டெக்ஸ்னு ஒருத்தன் டேர்டெவில் சட்டையப் போட்டுக்கிட்டு பத்திரிகை ஆபீஸுக்குள்ள வாறது, மேசையில கெடக்க கத்திரிக்கோல், பென்சில் எல்லாம் அவன் கையில ஆயுதம். பையன் இதுக்குத்தான் ஓட்டுப் போட்டான்.

ஆனா அக்கா? ரத்தம், எலும்பு முறியுற சத்தம், தல சதையிறது, எல்லாம் ஒளிவு இல்லாம காட்டுற சீரிஸ் இது. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டா சரியாயிரும்னு சொல்ல முடியாது, இதுல வலி மறைக்காமக் காட்டுறதுதான் கதையே. இன்னொண்ணு, ரெண்டாவது சீசன்ல பாதிக்கு மேல எலெக்ட்ராவும் நிஞ்சாக் கூட்டமும் வந்து கத சிதறும், பனிஷர் வாற பகுதி மட்டும் கெட்டியா நிக்கும். மூணாவதுக்குப் போறதுக்கு அதத் தாண்டியாவணும். அதோட இது முழுசா முடிஞ்ச கதையும் இல்ல, 2025-ல புதுப் பேருல திரும்பத் தொடங்கியாச்சு. மூணாவது சீசனுக்க கடைசி நிமிசம் ஒரு கதவத் தொறந்து வச்சுட்டுத்தான் போவும். முடிவு வர பாக்கணும்னு கேட்ட பையனுக்கு இது பாதிதான் பொருந்தும்.

சூப்பர்மேன் அண்ட் லோயிஸ். 2021 பிப்ரவரியில தொடங்கி 2024 டிசம்பர் 2-ல முடிஞ்சது, நாலு சீசன், 15, 15, 13, 10, ஆக 53 எபிசோட். ஒண்ணு நாப்பது நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல, அக்காவுக்குப் பத்தரைக்குள்ள முடிஞ்சுரும். அதே சேனல்ல ஆரோ, ஃபிளாஷ் எல்லாம் ஓடினாலும் இதுக்க கத தனி ஒலகம், வேற எதுவும் பாத்திருக்க வேண்டியதில்ல.

இதுல சூப்பர்மேன் பறந்து ஊரக் காப்பாத்துறது உண்டு, ஆனா தொடக்கமே அம்மா செத்துப் போனதுல இருந்துதான். கிளார்க் கென்டுக்குப் பட்டணத்துல பத்திரிகை வேல போயிருது, அம்மா வீடு அடமானத்துல கெடக்கு, பொண்டாட்டி லோயிஸயும் ரெட்டப் பையன்களயும் கூட்டிக்கிட்டு சொந்த ஊரான ஸ்மால்விலுக்கே திரும்பி வந்து தோட்டத்த வச்சுப் பொழைக்கான். லோயிஸ் ஊருக்குள்ள ஓடுற சின்னப் பத்திரிகையில வேல பாக்கா. அப்பன் சூப்பர்மேன்ங்கறதே பையன்களுக்கு அதுக்குப் பொறவுதான் தெரிய வருது. அம்மா போன வீட்டுல அவளுக்க சாமான எடுத்து வைக்க முடியாம ரெண்டு பேரு நிக்கிற சீனெல்லாம் பாக்கும்போ இது அமெரிக்காவுல நடக்குதா, இல்ல சுவாமியார்மடத்துல நடக்குதான்னு தோணும்.

கடைசி சீசன் எப்படி வந்துச்சுங்கறது தெரிஞ்சுக்கிட்டா இன்னும் மதிப்பு கூடும். 2022-ல அந்த சேனல் கைமாறிச்சு, புது முதலாளிங்க செலவக் கொறச்சாங்க. நாலாவது சீசனுக்குப் பத்து எபிசோட்தான், பணமும் கொறவு, நெரந்தரமா நடிச்சுக்கிட்டிருந்த ஏழு பேர அந்தப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க, அவங்க எடையில எடையில வந்து போற ஆளுங்களா ஆயிட்டாங்க. 2025-ல புதுசா சூப்பர்மேன் படம் வேற வர இருந்துச்சு. இந்த நெலையில யாரா இருந்தாலும் ஒப்பேத்திட்டுப் போயிருப்பாங்க. இவங்க என்ன செஞ்சாங்கன்னா, இருக்கதுக்குள்ள எது முக்கியமோ அத மட்டும் எடுத்துக்கிட்டாங்க. கிளார்க், லோயிஸ், ரெண்டு பையன்க, எதிர லெக்ஸ் லூதர், இவ்வளவுதான். பெரிய பெரிய சண்டைக்குப் பதிலா வீட்டு மேசையச் சுத்தி நடக்க பேச்சு. பணம் இல்லாததுனால கத வீட்டுக்குள்ள வந்துச்சு, வீட்டுக்குள்ள வந்ததுனால கனம் கூடிச்சு.

லூதரா மைக்கேல் கட்லிட்ஸ் நடிச்சிருக்காரு. வழக்கமா வாற கோட்டு சூட்டுப் பணக்கார லூதர் இல்ல இது. செய்யாத ஒரு கொலைக்கு 17 வருஷம் ஜெயில்ல கெடந்துட்டு வந்த ஆளு, அதுக்கு லோயிஸ் எழுதுன செய்தியும் ஒரு காரணம். அவனுக்குச் சூப்பர்மேன விட லோயிஸ் மேலதான் வெறி. அந்தப் பகையில ஒரு நியாயம் ஒட்டிக்கிட்டு இருக்கதுனாலதான் அவன் வாற ஒவ்வொரு நேரமும் பயமா இருக்கு. நாலாவது சீசனுக்க முதல் எபிசோட்லயே சூப்பர்மேன் சாவுதான். இது டிரெய்லர்லயே வந்ததுதான், நான் ஒடைக்கல. அவன் செத்த பொறவு அந்த வீடு எப்படி மூச்சு விடுது, மூத்தவனா யாரு நிக்கணும்னு ரெண்டு பையன்களும் எப்படித் தடுமாறுதானுங்க, அங்க இருந்து எந்த வெல குடுத்து அவன் திரும்பி வாறான், திரும்பி வந்தவன் ஏன் பழைய ஆளா இல்ல, இதுதான் மிச்சம். சாகாத ஒருத்தனுக்குச் சாவு வைக்கதுக்குத் துணிஞ்சாங்க, அதவிட அவனுக்கு வயசாவுறதக் காட்டத் துணிஞ்சாங்க. மூச்சு வாங்குற, தல நரைக்கிற சூப்பர்மேன். கடைசி எபிசோட் அத எங்க கொண்டுபோய் நிறுத்துதுன்னு சொல்ல மாட்டேன். நான் மொத தடவ தனியாப் பாத்தேன், முடிஞ்ச பொறவு அரமணி நேரம் முற்றத்துல போய் இருந்தேன்.

தப்பு இல்லாம இல்ல. சூப்பர்மேனுக்குத் துணையா நிக்கிற ஜான் ஹென்றியும் அவனுக்க மவளும் மூணு சீசனா மனசுல ஒட்டுன ஆளுங்க, நாலாவதுல அவங்களுக்கு எடமே கெடைக்கல. கிளார்க்குக்க பழைய கூட்டுக்காரி லானா குடும்பமும் அப்படித்தான். கடைசிச் சண்ட அவசரமா முடியுது, பையன் அதப் பாத்துட்டு "இவ்வளவுதானா"ன்னு கண்டிப்பா கேப்பான். ரெட்டப் பையன்கள்ல ஒருத்தன் ஜோனதனா நடிச்ச ஆளு மூணாவது சீசன்ல மாறிருவாரு, ரெண்டு மூணு எபிசோட் ஒரு மாதிரியா இருக்கும், பொறவு பழகிரும். ரெண்டாவது சீசன்ல வாற ஒரு சுரங்கக் கத கொஞ்சம் இழுவ.

இது எதுவும் என்னைத் தடுக்கல. தடுத்தது வேற. மூணாவது சீசன் முழுக்க லோயிஸுக்கு மார்புப் புற்றுநோய். சும்மா ஒரு எபிசோட்ல சொல்லிட்டு விடுறது இல்ல, டெஸ்ட், ரிசல்ட், வீட்டுல பையன்கிட்ட எப்படிச் சொல்றது, கீமோ எடுக்க எடத்துல பக்கத்து நாற்காலியில இருக்க பொம்பளையோட வாற பழக்கம், மார்ப எடுக்க ஆபரேஷன், அது எல்லாம் இருக்கு. ஒலகத்துல எங்க யாரு கூப்புட்டாலும் காதுல கேக்க புருசன், மலையத் தூக்குற புருசன், அவளுக்கு வாந்தி வரும்போ முதுகத் தடவிக் குடுக்கதத் தவிர ஒண்ணும் செய்ய முடியாம இருக்கான். நாலாவது சீசன்லயும் அந்த நோய்க்க நெழல் போவாது, முடிவு வர கூடவே வரும்.

இத அக்கா முன்ன போடலாமா? பையன்கிட்ட கேட்டேன், அவன் உடனே "வேண்டாம் மாமா, டேர்டெவிலே போடுவோம், அம்மா கண்ண மூடிக்கிடட்டும்"னான். ஃபைட்டுக்காகச் சொல்லல, பயந்து சொன்னான். அவளுக்கு ஆபரேஷன் நடந்தப்ப அவனுக்குப் பரீட்சை, நாங்க அவன்கிட்ட பாதிதான் சொல்லியிருந்தோம். நானும் முதல்ல அவன் பக்கம்தான் நின்னேன். பொறவு, மறச்சு வச்சு மூணாவது சீசன் வரும்போ அவ முகத்தப் பாக்கதவிட நேரா கேட்டுருவோம்னு, ஒரு சாயங்காலம் கட்டஞ்சாயா குடிச்சுக்கிட்டிருக்கும்போ எல்லாத்தையும் அவகிட்ட சொன்னேன். என்ன நோய், எந்த சீசன், எவ்வளவு காட்டுதாங்கன்னு.

அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. பொறவு கேட்டா, "அந்தப் பயக்கமாருகிட்ட அவ எப்பச் சொல்லுதா?" நான் சொன்னேன், உடனே சொல்லல, கொஞ்சம் தள்ளித்தான் சொல்லுதான்னு. "நான் இவன்கிட்ட எல்லாம் முடிஞ்சப் பொறவுதான சொன்னேன்"ன்னா. "அதப் போடு லேய். இவன் பக்கத்துல இருக்கும்போ பாக்கணும்." வேற ஒண்ணும் பேசல, எந்திச்சு துணி எடுக்கப் போயிட்டா.

இவ்வளவு நாள் நான் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தையோட முடிஞ்சு போச்சு, சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்தான். இதே நெலயில உள்ள மத்த வீடுகளுக்கு நான் சொல்றது, வீட்டுல யாருக்காவது இந்த நோய் வந்திருந்தா கேக்காம போடாதிங்க, கேட்டுட்டுப் போடுங்க. "இப்ப வேண்டாம்"னு சொன்னா அந்தப் பேச்ச அங்கேயே விட்டுருங்க. அப்பனும் பிள்ளைகளும் மட்டும் இருந்து பாக்க, வளந்த பிள்ளைகன்னா, டேர்டெவில். அதுலயும் ரெண்டாவது சீசன்ல சலிச்சு நிறுத்திராதிங்க, மூணாவதுதான் சரக்கு. தனியா, தூரத்துல, நீளமா ஒண்ணு வேணும்னா ஷீல்டு. எதுவா இருந்தாலும் எல்லா சீசனும் நீங்க பணம் கட்டியிருக்க எடத்துல இருக்கான்னு தொடங்குறதுக்கு முன்னயே பாத்துக்கிடுங்க, டேர்டெவிலே 2022-ல நெட்ஃபிளிக்ஸ விட்டு டிஸ்னி பக்கம் போயாச்சு.

பையனுக்கு டேர்டெவில் இல்லன்னு கொஞ்சம் மொகம் வாடிப் போச்சு. அதனால வெட்டு இல்லாத மழ நாள்ல, அக்கா உறங்குனப் பொறவு, அந்த ஜெயில் எபிசோட மட்டும் ரெண்டு பேரும் பாக்கதா பேசி வச்சிருக்கோம். சூப்பர்மேன் நேத்து ராத்திரி ஆறாவது எபிசோட் முடிஞ்சுது, கணக்குக்கு ஒண்ணு முன்னால நிக்குதோம், ஏன்னா திங்கக்கிழம மழ. இப்ப வீட்டுல ஒரே ஒரு தர்க்கம்தான் மிச்சம். கடைசி எபிசோட 29-ந் தேதி ராத்திரி, போறதுக்கு மொத நாளு பாக்கணும்னு அக்கா சொல்லுதா. பையன் சம்மதிக்கல, ரெண்டு நாளு முந்தியே முடிச்சுரணுமாம், அதப் பாத்துட்டு மறுநாளே அம்மைய விட்டுட்டு ரயில் ஏற முடியாதுன்னு எனக்க காதுல மட்டும் சொன்னான். நான் 27-ந் தேதின்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.